விலா எலும்பில்லாத எலிகள்

"நியோவை எடுத்தாச்சாடா?"

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு நான்கு வருடம் மூத்தவரான சிவகாசி அக்கா ஒரு நாள் மதியம் இப்படிக் கேட்டார். நான் அப்போது முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். கையில் ஒரு வருடத்து எடைக் கணக்கு இருந்தது. ஒரு மரபணு முடக்கப்பட்ட எலிக்குட்டிகள், கூடப்பிறந்த மற்ற குட்டிகளைவிட இளைத்துக் கிடக்கின்றன என்பதற்கான கணக்கு. வரைபடமெல்லாம் போட்டு அழகாக வைத்திருந்தேன். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. எலி எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். வேறொரு ஆய்வகத்திலிருந்து உறைந்த கருவாக வந்தது, தொண்ணூறுகளின் நடுவில் உருவாக்கியது என்றேன். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

"எந்த நியோக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "1996-ல 'செல்' இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை வந்திருக்கு. நாலே பக்கம். அதைப் படிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்."

அந்த நாலு பக்கத்திலிருந்து ஆரம்பித்து நான் பின்னோக்கியும் முன்னோக்கியும் படித்துக்கொண்டே போன கதைதான் இது. ஆய்வக எலிகளுக்குள் நாம் செருகிய டி.என்.ஏ.வைத் திரும்ப வெளியே எடுக்கும் கதை. செருகிய கதையைப் பாடப்புத்தகங்கள் நன்றாகவே சொல்லிவிட்டன. அதற்கு நோபல் பரிசும் வந்தது. எடுத்த கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

*

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க உயிரியலாளர்கள் கையாளும் வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. அதைக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்பார்கள். எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று தெரியாத வீட்டில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போமே, அது மாதிரி. இப்படி ஒரு மரபணு பிடுங்கப்பட்ட எலிக்கு 'நாக் அவுட்' எலி என்று பெயர். (எலி என்று நான் சொல்வதெல்லாம் சுண்டெலியைத்தான். பெருச்சாளி அளவுக்குக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.)

1981-இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸும் மேத்யூ காஃப்மனும், அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் கெயில் மார்ட்டினும், எலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தார்கள். அந்தச் செல்களை மறுபடியும் ஒரு கருவுக்குள் வைத்தால் அவை எலியின் உடலாகவே மாறும், விந்தணுவாகவும் கருமுட்டையாகவும்கூட. எண்பதுகளின் இரண்டாம் பாதியில் மரியோ கபெக்கியும் ஆலிவர் ஸ்மிதீஸும் தனித்தனியாக அடுத்த படியைக் கட்டினார்கள். ஒரு மரபணுவின் எழுத்துகளோடு ஒத்துப்போகும் டி.என்.ஏ. துண்டை ஸ்டெம் செல்லுக்குள் விட்டால், எப்போதாவது ஒரு முறை அது சரியாக அந்த மரபணுவின் இடத்திலேயே போய் உட்கார்ந்து பழையதைத் தள்ளிவிடும். எவான்ஸ், கபெக்கி, ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல்.

இதில் 'எப்போதாவது ஒரு முறை' என்பதுதான் சிக்கல். கோடிக்கணக்கான செல்களில் உள்ளே வந்த டி.என்.ஏ.வை வாங்கிக்கொள்பவையே கொஞ்சம். அவற்றிலும் சரியான இடத்தில் வாங்கியவை ஆயிரத்தில் ஒன்றாக இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது. அதனால் செருகும் துண்டின் நடுவில் ஒரு அடையாளத்தையும் சேர்த்து வைத்தார்கள். அதுதான் நியோ: பாக்டீரியாவிலிருந்து எடுத்த, நியோமைசின் வகை மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணு. தட்டில் அந்த வகை விஷத்தை ஊற்றினால் நியோ இல்லாத செல்கள் செத்துவிடும். மிஞ்சியவற்றைச் சோதித்தால் போதும்.

நியோ வேலை செய்ய வேண்டுமானால் அது உரக்கப் பேச வேண்டும். அதனால் அதன் முன்னால், எந்தச் செல்லிலும் இடைவிடாமல் இயங்கும் வலுவான ஒரு தொடக்கியை ஒட்டினார்கள். செல்களைத் தேர்ந்தெடுத்ததும் நியோவின் வேலை முடிந்தது. ஆனால் அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுப்பதற்கு அப்போது எளிய வழியும் கிடையாது, எடுக்க வேண்டும் என்று பெரிதாகத் தோன்றவும் இல்லை. மரபணு உடைந்துவிட்டது, அதன் இடிபாட்டுக்கு நடுவில் ஒரு பாக்டீரியா மரபணு இருந்தால் என்ன? அப்படியே எலியாகி, அப்படியே குட்டி போட்டு, அப்படியே உலகம் முழுக்கப் போயின.

*

இப்போது விலா எலும்புக்கு வருகிறேன்.

1987-இல் சியாட்டிலில் ஹெரால்ட் வெயின்ட்ராபின் ஆய்வகம் ஒரே ஒரு மரபணுவை வைத்துச் சாதாரண இணைப்புத் திசுச் செல்லைத் தசைச் செல்லாக மாற்றிக் காட்டியது. மையோ-டி என்று அதற்குப் பெயர். உயிரியல் உலகமே அதிர்ந்த கண்டுபிடிப்பு அது. பிறகு அதே குடும்பத்தில் இன்னும் மூன்று மரபணுக்கள் கிடைத்தன: மிஃப்-5, மையோஜெனின், எம்.ஆர்.எஃப்-4. இதில் மிஃப்-5 ஜெர்மனியில் ஹான்ஸ்-ஹென்னிங் ஆர்னால்டின் குழுவில் கிடைத்தது. அந்த 1989 கட்டுரையின் முதல் பெயர் தாமஸ் பிரவுன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தசையை உண்டாக்கும் மரபணுவை முடக்கினால் தசை இல்லாத எலி பிறக்க வேண்டும் இல்லையா? 1992-இல் அமெரிக்காவின் வைட்ஹெட் நிறுவனத்தில் ருடால்ஃப் யேனிஷின் ஆய்வகத்தோடு சேர்ந்து அதைச் செய்து பார்த்தார்கள். மையோ-டி இல்லாத எலிகள் ஓடி விளையாடின. தசை நன்றாகவே இருந்தது. மிஃப்-5 இல்லாத குட்டிகள் பிறந்ததும் இறந்தன. ஆனால் அவற்றுக்கும் தசை இருந்தது. இல்லாமல் போனது விலா எலும்பு. முதுகெலும்பை ஒட்டிய குச்சம் தவிர மார்புக்கூட்டின் பெரும்பகுதி உருவாகவே இல்லை. மூச்சு இழுக்கும்போது நுரையீரலுக்கு வெளியே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் குட்டிகள் மூச்சுத் திணறிப் போயின.

தசை மரபணுவைப் பிடுங்கினால் எலும்பு போகிறது! புதிரான முடிவுதான் எப்போதும் பெரிய இதழில் வரும். இதுவும் 'செல்'லில் வந்தது, பிரவுன் முதல் பெயர். விளக்கமும் அழகாகவே இருந்தது. கருவில் முதுகின் இருபுறமும் வரிசையாக உருவாகும் திசுக் கட்டிகளில் முதல் தசை அடுக்கு தோன்றும்; மிஃப்-5 இல்லாத கருவில் அது சில நாள் தாமதமாகிறது; அந்தத் தசை அடுக்கு பக்கத்துத் திசுவுக்கு 'விலா எலும்பாகு' என்று ஏதோ சமிக்ஞை அனுப்புகிறது போலும்; நேரத்துக்குச் சமிக்ஞை வராததால் எலும்பு இல்லை. 1996-இல் யேனிஷ் ஆய்வகமே மிஃப்-5-இன் இடத்தில் மையோஜெனினை வைத்துப் பார்த்தபோது விலா எலும்பு திரும்பி வந்தது. கருதுகோள் இறுகிவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். நான் அந்தக் காலத்தில் மாணவனாக இருந்திருந்தால் நானும் தேர்வில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இதற்கிடையே 1995-இல் குடும்பத்தின் நான்காவது மரபணு எம்.ஆர்.எஃப்-4-ஐ மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக முடக்கின. ஆர்னால்டும் பிரவுனும் ஒரு பக்கம், அமெரிக்காவில் எரிக் ஓல்சன் ஒரு பக்கம், பார்பரா வோல்ட் இன்னொரு பக்கம். ஒரே மரபணு, ஒரே இன விலங்கு. வந்ததோ மூன்று விதமான எலி. ஒருவருடைய எலிகள் விலா எலும்பு சிதைந்து பிறந்த உடனே செத்தன. ஒருவருடையவை விலா எலும்பில் சின்னச் சின்ன மாறுதல்களோடு வளர்ந்து பெரியவையாகின. மூன்றாமவருடையவை இரண்டுக்கும் நடுவில்.

இந்த மாதிரி நேரத்தில் விஞ்ஞானிகள் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் 'என் எலிதான் சரி' என்று ஆளாளுக்குப் பத்து வருடம் ஓட்டுவார்கள். இவர்கள் மூவரும், கூடவே லண்டனின் பீட்டர் ரிக்பியும் சேர்ந்து, ஒரு நாலு பக்கக் கட்டுரை எழுதினார்கள். அக்கா படிக்கச் சொன்னது அதைத்தான். 'பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்துகொள்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு.

விஷயம் இதுதான். எம்.ஆர்.எஃப்-4-உம் மிஃப்-5-உம் எலியின் 10-ஆவது குரோமோசோமில் ஒட்டியே இருக்கின்றன. இடைவெளி பத்தாயிரம் எழுத்துக்கும் குறைவு. மூன்று ஆய்வகங்களும் எம்.ஆர்.எஃப்-4-ஐ வெவ்வேறு விதமாக வெட்டியிருந்தன. வெட்டிய இடத்தில் நியோவை வெவ்வேறு விதமாக வைத்திருந்தன. யாருடைய எலியில் பக்கத்து மிஃப்-5-இன் வேலையும் அதிகமாகக் கெட்டதோ, அவருடைய எலியில் விலா எலும்பும் அதிகமாகக் கெட்டது. அவர்கள் அளந்தது ஒரு மரபணு போன விளைவை மட்டும் இல்லை. இன்னொன்றின் குரல்வளை நெரிக்கப்பட்ட விளைவும் அதில் கலந்திருந்தது.

எப்படி நெரிபடுகிறது? மரபணுக்கள் தானாக இயங்குவதில்லை. தூரத்தில் இருக்கும் தூண்டிப் பகுதிகள் அவற்றுக்கு எப்போது, எவ்வளவு என்று ஊட்டுகின்றன. ஒரே தூண்டியைப் பல மரபணுக்கள் பகிர்வதும் உண்டு. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் ஒன்றுதான். புதிதாக வந்த வீட்டுக்காரர் அதில் மோட்டார் போட்டு உறிஞ்ச ஆரம்பித்தால் அடுத்த வீட்டில் சொட்டு சொட்டாகத்தான் வரும். நியோவின் முன்னால் ஒட்டிய வலுவான தொடக்கிதான் அந்த மோட்டார். அதே 1996-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் திமோத்தி லேயின் குழு, கிரான்சைம்-பி என்ற நோயெதிர்ப்பு மரபணுவில் செருகிய நியோ, 1,00,000 எழுத்துகளுக்கும் அப்பால் இருந்த மரபணுக்களையும் அமுக்கியிருந்ததைக் காட்டியது. பக்கத்து வீடு மட்டுமில்லை, தெருக்கோடி வரைக்கும் தண்ணீர் வரவில்லை.

ஆக, உள்ளே வைத்ததை வெளியே எடுத்தாக வேண்டும். எலி உயிரோடு இருக்கும்போதே, அதன் ஒவ்வொரு செல்லிலிருந்தும், வேறு ஒரு எழுத்தையும் தொடாமல்.

*

அதற்கான கத்திரி எலியைப் பற்றி யோசித்த யாரும் செய்ததில்லை. அது ஒரு வைரஸிடம் இருந்தது.

1951-இல் ஜூசப்பே பெர்ட்டானி என்ற இத்தாலியர் அமெரிக்காவில் பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களை, அதாவது ஃபேஜ்களை, ஆராய்ந்துகொண்டிருந்தபோது பிரித்தெடுத்தவற்றுள் ஒன்று பி-1. (பாக்டீரியா வளர்க்க உலகம் முழுக்க ஆய்வகங்களில் கலக்கும் எல்.பி. திரவமும் அவர் அப்போது உண்டாக்கியதுதான். அந்த இரண்டு எழுத்துக்கும் லூரியா-பெர்ட்டானி என்று ஆளாளுக்கு விரிவு சொல்லிக்கொண்டிருக்க, லைசோஜெனி பிராத் என்பதைத்தான் சுருக்கினேன் என்று பல பத்தாண்டுகள் கழித்து அவரே எழுதினார். நானும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.)

பி-1 பாக்டீரியாவுக்குள் நுழையும்போது அதன் டி.என்.ஏ. நீளமான நூலாக இருக்கும். உள்ளே பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் அது வளையமாக வேண்டும். சில நேரம் இரண்டு வளையங்கள் ஒட்டி ஒரே பெரிய வளையமாகிவிடும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது ஒரு மகளுக்குப் பங்கு கிடைக்காமல் போகும். ஆகவே ஒட்டியதைப் பிரிக்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் பி-1 வைத்திருக்கும் நொதிதான் கிரீ. அது தேடிப் பிடிக்கும் இடம் லாக்ஸ்-பி. 1981-இல் நாட் ஸ்டெர்ன்பெர்க்கும் ஹாமில்டனும் இந்த ஜோடியை விவரித்தார்கள். அப்போது இது முழுக்க முழுக்க ஃபேஜ்காரர்களின் விவகாரம்.

லாக்ஸ்-பி 34 எழுத்து நீளம். இரு ஓரத்திலும் 13 எழுத்து, நடுவில் 8. ஓரத்து 13-உம் ஒன்றுக்கொன்று மாலைமாற்று: ஒரு இழையில் இந்தப் பக்கமிருந்து படித்தாலும், எதிர் இழையில் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். நம் பள்ளிக்கூட 'விகடகவி' மாதிரி. ஆனால் நடுவில் உள்ள 8 எழுத்து அப்படியில்லை, அதற்குத் திசை உண்டு. அங்கேதான் சூட்சுமம். ஒரு டி.என்.ஏ. துண்டின் இரு முனையிலும் ஒரே திசையில் லாக்ஸ்-பி இருந்தால், கிரீ இரண்டையும் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்து, நடுத்துண்டை வளையமாக வெட்டி வெளியே விட்டுவிடும். எதிரெதிர்த் திசையில் இருந்தால் வெட்டாது, தலைகீழாகத் திருப்பிப் போடும். துணைப் புரதம் வேண்டாம், செல்லின் எரிபொருளும் வேண்டாம். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த ஒரே நொதி. வெளியே வந்த வளையம் அடுத்தடுத்த செல் பிரிவுகளில் காணாமல் போய்விடும். பழைய இடத்தில் ஒரே ஒரு லாக்ஸ்-பி, 34 எழுத்துத் தழும்பாக மிஞ்சும்.

எளிமையே அதன் பலம். நைலானும் டெஃப்லானும் தந்த டூபாண்ட் நிறுவனத்தில் ஃபேஜ் ஆராய்ச்சியாளர்களின் ஒரு சிறு கூட்டம் இருந்தது. அங்கே பிரையன் சோவர் 1987-இல் ஈஸ்டிலும், 1988-இல் பாலூட்டிச் செல்லிலும் கிரீ வேலை செய்வதைக் காட்டினார். பாக்டீரியா வைரஸின் நொதிக்கு எலிச் செல்லின் உட்கரு அந்நிய தேசம். அது அங்கே போய் தன் 34 எழுத்தைக் கண்டுபிடித்து வெட்டியது என்றால் சும்மா இல்லை.

1992-இல் முழு எலி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெய்னர் வெஸ்ட்ஃபாலின் குழு சோவரோடு சேர்ந்து ஒரு புற்றுநோய் மரபணுவை எலியின் கண்வில்லையில் வைத்தது. அதன் முன்னால் ஒரு 'நில்' துண்டு, அதன் இருபுறமும் லாக்ஸ்-பி. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கிரீ சுமந்த இன்னொரு எலியோடு இணைசேர்த்ததும், இரண்டையும் வாங்கிய குட்டிகளின் கண்வில்லையில் கட்டி வந்தது. 'நில்' வெட்டுப்பட்டுவிட்டது. அதே ஆண்டு ஜேமி மார்த்தின் குழு டி-செல்களில் மட்டும் செருகிய டி.என்.ஏ.வை வெட்டி எடுத்தது. இரண்டு சாது எலிகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் குட்டிகளின் உடம்புக்குள் அறுவை நடக்கிறது!

ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளாஸ் ராயெவ்ஸ்கியின் ஆய்வகம் இதை அன்றாடக் கருவியாக்கியது. அவர்கள் பரப்பிய வழி எனக்கு இன்றும் பிடிக்கும். மரபணுவின் முக்கியத் துண்டுக்கு இருபுறமும் லாக்ஸ்-பி. நியோவின் வெளி ஓரத்தில் மூன்றாவது ஒன்று. ஸ்டெம் செல்லிலேயே கிரீயைக் கொஞ்ச நேரம் மட்டும் காட்டுவது. சில செல்களில் நியோ மட்டும் போகும், மரபணு முழுசாக இருக்கும். அதைப் பொறுக்கி எலியாக்கினால், பிறகு வேண்டிய உறுப்பில் வேண்டிய நேரத்தில் மரபணுவை எடுத்துக்கொள்ளலாம். 1994-இல் இந்த வகையில் டி.என்.ஏ. பாலிமரேஸ்-பீட்டாவை டி-செல்களில் மட்டும் நீக்கினார்கள்; உடல் முழுக்க நீக்கினால் எலி பிழைக்காத மரபணு அது. 1995-இல் உடல் முழுக்க, இனச் செல் உட்பட, லாக்ஸ்-பிகளுக்கு நடுவில் இருப்பதை அழிக்கும் 'அழிப்பான்' எலி ஒன்றையும் தந்தார்கள். உங்கள் எலியில் நியோவுக்கு இருபுறமும் லாக்ஸ்-பி இருந்தால் அழிப்பானோடு ஒருமுறை இணைசேர்த்தால் போதும்.

இன்னொரு கத்திரி ஈஸ்டிலிருந்து வந்தது: ஃபிளிப். ஈஸ்டின் ஒரு சின்ன வளைய டி.என்.ஏ.வில் ஒரு பகுதியைக் குப்புறப் புரட்டிப் போடுவது அதன் தொழில், அதனால்தான் அந்தப் பெயர். ஈஸ்ட் வாழும் மிதமான சூட்டுக்குப் பழகிய நொதி. எலியின் 37 பாகையில் சோர்ந்துவிடும். 1996-இல் சூசன் டைமெக்கி அதை எலியில் வேலை செய்ய வைத்தார். 1998-இல் ஹைடல்பெர்க்கில் ஃபிராங்க் புக்ஹோல்ட்ஸும் பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டும் அதைச் சோதனைக்குழாயில் பல தலைமுறை பரிணமிக்க வைத்துச் சூடு தாங்கும் வடிவத்தை உண்டாக்கினார்கள். இதன் பிறகு வேலைப் பிரிவினை தெளிவானது: நியோவை எடுக்க ஃபிளிப், மரபணுவை எடுக்கக் கிரீ.

காசு விவகாரமும் உண்டு. 1990-இல் டூபாண்ட் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தது. கிரீ எலிகளை ஆய்வகங்கள் கைமாற்றிக்கொள்ளக்கூட நிபந்தனை வைத்தார்கள். பல்கலைக்கழகங்கள் முனகின. 1998-இல் தேசிய சுகாதார நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் வந்து, லாபநோக்கமற்ற ஆய்வுக்கு வழி திறந்தது. ஃபேஜ் கோடிக்கணக்கான வருடமாக ஓசியில் செய்துகொண்டிருந்த வேலை.

*

2000-ஆம் ஆண்டு. 'செல்' இதழில் ஒரு கட்டுரை. தலைப்பின் பொருள், மிஃப்-5-ஐ மறுபடி பார்த்தோம் என்பது. கடைசிப் பெயர், அதாவது ஆய்வகத் தலைவரின் பெயர், தாமஸ் பிரவுன்.

மிஃப்-5-ஐக் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர், விலா எலும்பில்லாத எலியை உலகுக்குக் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர், எட்டு வருடம் கழித்து அந்த எலியைப் புதிதாகச் செய்தார். இந்த முறை கிரீ-லாக்ஸ் முறையில். மரபணுவின் பெரும்பகுதியை நீக்கி, நியோவையும் நீக்கி, 34 எழுத்துத் தழும்பை மட்டும் விட்டு. முதல் தசை அடுக்கு முன்பு போலவே தாமதமானது. ஆனால் விலா எலும்பு இருந்தது. முழுசாக. குட்டிகள் மூச்சு விட்டன.

அதாவது 1992-இல் மூச்சுத் திணறிச் செத்த குட்டிகள் மிஃப்-5 இல்லாததால் மட்டும் சாகவில்லை. செருகி மறந்துபோன துண்டு அக்கம்பக்கத்தையும் சேர்த்துக் கெடுத்ததால் செத்தன. தசை எலும்புக்குச் சமிக்ஞை அனுப்புகிறது என்ற கருத்தே பொய் என்றும் ஆகிவிடவில்லை, மிஃப்-5, எம்.ஆர்.எஃப்-4 இரண்டும் சேர்ந்து போனால் விலா எலும்பு கெடும் என்று பின்னால் வந்த வேலைகள் காட்டின. ஆனால் 'மிஃப்-5 இல்லையேல் விலா இல்லை' என்ற ஒற்றை வரி போயிற்று. போக வைத்தவர் அதை எழுதியவர்.

நான் இந்த இரண்டு கட்டுரைகளையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் படித்தேன். தன் பெயரை நிலைநாட்டிய எலியை எட்டு வருடம் கழித்து மறுபடி செய்து பார்க்க ஒருவருக்கு என்ன கட்டாயம்? யாரோ ஒரு போட்டியாளர் செய்துவிடுவார் என்ற பயமும் இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. செய்தாரே.

கதை அங்கேயும் நிற்கவில்லை. மையோ-டி, மிஃப்-5 இரண்டும் இல்லாத எலிக்கு எலும்புத்தசையே உருவாகாது என்பது 1993-இலிருந்து பாடப்புத்தக உண்மை. 2004-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஷாரகிம் தஜ்பாக்ஷின் குழு, பக்கத்திலிருக்கும் எம்.ஆர்.எஃப்-4-ஐக் கெடுக்காத மிஃப்-5 எலியைக் கொண்டு அதே சோதனையைச் செய்தது. கருவில் தசை இருந்தது. 1993 எலியில் இரண்டு மரபணு போனதாக நினைத்தார்கள். உண்மையில் மூன்றாவதும் முடங்கியிருந்தது. லேயின் குழுவும் தங்கள் கிரான்சைம் எலியிலிருந்து நியோவை எடுத்துவிட்டு மறுபடி சோதித்தது. 2005-இல் வந்த அந்த வேலையில், முன்பு கிரான்சைம்-பி மேல் போட்ட பழியில் ஒரு பங்கு அதன் அண்டை மரபணுக்களுக்குப் போனது.

எடுக்க வந்த கத்திரியும் யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000-இல் கபெக்கியின் ஆய்வகமே காட்டியது இது: விந்தணு உருவாகும் செல்களில் கிரீ அதிகமானால், அது லாக்ஸ்-பி போலத் தோன்றும் எலியின் சொந்த எழுத்துகளையும் வெட்டிக் குரோமோசோம்களைக் குலைத்துவிடுகிறது, ஆண் எலிகள் மலடாகின. அதனால்தான் இன்று ஒழுங்கான ஆய்வில் கிரீ மட்டும் உள்ள, வேறெதுவும் மாறாத எலிகளையும் கூடவே வைத்து ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் வைப்பதில்லை. கூண்டுக்குக் காசு ஆகிறது.

2013-இல் அதே யேனிஷின் ஆய்வகம் கிரிஸ்பர் முறையில் எலிக் கருவிலேயே நேரடியாக மரபணுக்களை முடக்கிக் காட்டியது. நியோ வேண்டாம், ஸ்டெம் செல் தட்டும் வேண்டாம். இன்று புதிதாக எலி செய்பவருக்கு 'நியோவை எடுத்தாச்சா' என்ற கேள்வியே புரியாது. ஆனால் தொண்ணூறுகளில் செய்த எலிகள் சாகவில்லை. உறைகருவாகவும் உறைவிந்தாகவும் கிடங்குகளில் இருக்கின்றன. யாராவது ஒரு மாணவன் கேட்டால் பனிப்பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

*

என் எலிக்கு வருகிறேன். அக்கா சொன்ன கட்டுரையைப் படித்த மறுநாள், எலிக்குட்டிகளின் காதிலிருந்து எடுத்த துணுக்குகளில் நியோவுக்கான பி.சி.ஆர். போட்டேன். ஜெல்லை விளக்கில் வைத்ததும் பட்டை பளிச்சென்று இருந்தது. நல்லவேளை, அதை உருவாக்கியவர்கள் நியோவின் இரு பக்கமும் லாக்ஸ்-பி வைத்திருந்தார்கள். எடுக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

அழிப்பான் எலி வாங்கி இணைசேர்த்தேன். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். குட்டி வளர்ந்து பருவத்துக்கு வர ஆறேழு வாரம். நியோ போன குட்டியை அடையாளம் கண்டு, அடுத்த தலைமுறையில் கிரீயையும் கழற்றிவிட்டு, பிறகு இரண்டு பிரதியும் உடைந்த குட்டிகள் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் போயிற்று. இடையில் பழைய வரிசையின் குட்டிகள் பலவற்றை, இனி தேவையில்லை என்பதால், நானே முடித்துவைத்தேன். அதை எந்தக் கட்டுரையும் எண்ணுவதில்லை.

புதுக் குட்டிகளை எடை போட்ட காலையில் அக்காவும் வந்து நின்றார். கூடப்பிறந்தவற்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாம் ஈற்றிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

"என்னக்கா செய்யறது?"

"எழுது. நியோ இருந்தா இளைக்குது, எடுத்தா இளைக்கலன்னு எழுது. வேறென்ன."

தனிக் கட்டுரையாக அதை எந்த இதழும் வாங்கவில்லை. என் ஆய்வேட்டில் அரைப் பக்கம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து பழைய வரிசையின் பெட்டியை வெளியே எடுத்தேன். வந்த நாளில் ஒட்டிய பெயர்ச்சீட்டு அப்படியே இருந்தது. மரபணுவின் பெயர், பக்கத்தில் இரண்டு கழித்தல் குறி. உறைபனியை விரலால் துடைத்துவிட்டு, மார்க்கர் பேனாவால் அதன் கீழே 'நியோ உள்ளே இருக்கிறது' என்று எழுதி, திரும்ப இறக்கினேன்.